திருகி மாற்றும் பவர் இண்டக்டர் ஏன் கடையில் கிடைப்பதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மின் ஆட்டோவின் 48 வோல்ட் பேட்டரிக்கு எல்.எல்.சி. முறையில் (ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதிரும் ரெசனன்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி ஓடும் சர்க்யூட்) ஒரு சார்ஜர் செய்கிறேன். அதில் இருக்கும் ரெசனன்ஸ் இண்டக்டர் 115 மைக்ரோஹென்ரி வர வேண்டும். ஒருமுறை சுற்றினால் 104 வருகிறது, அடுத்த முறை 127 வருகிறது. பழைய ரேடியோவில் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயிலைத் திருகி ட்யூன் செய்வார்களே, அதுபோல 6 ஆம்பியர் தாங்கும் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாதி நாள் அலைந்தேன். யாரிடமும் இல்லை. ஏன் இப்படி ஒன்றை யாரும் செய்வதில்லை?

நல்ல கேள்வி. அம்பத்தூரில் காயில் சுற்றும் மேசைக்குப் பக்கத்திலேயே பல வருஷமாக உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன ஐ.எஃப். காயிலில் இருந்தே ஆரம்பிக்கலாம். சின்னத் தகர டப்பி, தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று நிறம் பூசிய ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) கோர், ஆஸிலேட்டருக்கு மட்டும் சிவப்பு. பிளாஸ்டிக் திருப்புளியை விட்டுக் கால் சுற்று திருப்பினால் 455 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். அந்தக் காயிலில் ஓடுவது சில மில்லி ஆம்பியர், சில சமயம் அதுகூட இல்லை. அதற்கு இருக்கும் ஒரே வேலை சரியான அதிர்வெண்ணில் நிற்பது. திருகினால் இண்டக்டன்ஸ் ஒன்றுதான் மாறும், வேறு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.

பவர் இண்டக்டருக்கு இருக்கும் வேலையே வேறு. அது ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஆற்றலை ஃபெரைட் சேர்த்து வைக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நாம் விடும் கேப்பில், அந்தத் துளிக் காற்றில்தான் ஏறக்குறைய எல்லா ஆற்றலும் இருக்கிறது. ஃபெரைட்டின் ஊடுருவல் (காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப் பாய்வை விடும் என்ற எண்) 2000 என்றால், 1 மி.மீ. காற்றைக் கடப்பது காந்தப் பாய்வுக்கு 2 மீட்டர் ஃபெரைட்டைக் கடப்பதற்குச் சமம். உங்கள் கையில் இருக்கும் கோரில் பாய்வு சுற்றிவரும் பாதை முழுவதுமே 10 செ.மீ.கூட இல்லை. ஆகவே இண்டக்டன்ஸை முடிவு செய்வது கேப்தான், கோர் எந்த அளவு மின்னோட்டத்தில் சாச்சுரேட் ஆகும் (பாய்வு நிரம்பி இனி ஏற்காமல் போகும்) என்பதையும் அதே கேப்தான் முடிவு செய்கிறது. கேப்பில் ஒரு திருகை வைத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் திருகுகிறோம்.

ஒரு கணக்கு போட்டால் தெளிவாகிவிடும். இ.டி.டி.39 என்ற அளவுக் கோரை எடுத்துக்கொள்வோம், ஆங்கில E போல மூன்று கால்கள் உள்ள இரண்டு பாதிகள் சேர்ந்தது. நடுக்காலின் பரப்பு 125 சதுர மி.மீ. அதில் 28 சுற்று, கேப் 1 மி.மீ. கேப்பின் ஓரத்தில் பாய்வு வெளியே பிதுங்குவதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய 116 மைக்ரோஹென்ரி வரும். பாய்வு அடர்த்தி 0.3 டெஸ்லாவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 9 ஆம்பியர் வரை போகலாம். இப்போது கேப்பை 0.5 மி.மீ. ஆக்குங்கள். இண்டக்டன்ஸ் 220-க்கு ஏறிவிடும், ஆனால் 4.8 ஆம்பியரிலேயே அதே 0.3 டெஸ்லா வந்துவிடும். 116-ஐ 9-ஆல் பெருக்கிப் பாருங்கள், 220-ஐ 4.8-ஆல் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். இண்டக்டன்ஸும் தாங்கும் மின்னோட்டமும் சேர்ந்த பெருக்கல் எப்போதும் சுற்று எண்ணிக்கை, பரப்பு, பாய்வு அடர்த்தி இந்த மூன்றின் பெருக்கலுக்குச் சமம். கேப் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கேப்பைத் திருகினால் ஒரு பக்கம் கூடும்போது மறுபக்கம் அதே அளவு குறையும்.

இதனால்தான் கடைக்காரரிடம் அப்படி ஒரு பொருள் இல்லை. 50-ல் இருந்து 200 மைக்ரோஹென்ரி வரை திருகலாம் என்று ஒருவர் செய்து விற்றால், மேல்முனையில் அது தாங்கும் மின்னோட்டம் கீழ்முனையில் தாங்குவதில் கால் பங்குதான். வாங்குபவர் மேல்முனைக்குப் போதுமான பெரிய கோரை வாங்க வேண்டும், கீழ்முனையில் அந்தக் கோர் வீணாகக் கிடக்கும்.

அப்புறம் இயந்திரச் சிக்கல்கள். 0.3 டெஸ்லாவில் அந்த நடுக்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அரைக் கிலோ எடையின் விசையோடு இழுக்கும். நகரும் கோர் என்றால் அந்த இழுவையைத் தாங்கும் மரை வேண்டும், கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது, இருந்தால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு அது ரீங்காரம் போடும். திருகை உலோகத்தில் செய்தால் கேப்பில் இருந்து பிதுங்கும் பாய்வு அதில் பட்டு எடி மின்னோட்டம் (உலோகத்துக்குள்ளேயே சுழன்று சூடாக்கும் மின்னோட்டம்) உண்டாகும். ஆரம்ப காலத்தில் நானே பித்தளைத் திருகு வைத்து ஒன்று செய்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கோர் வெதுவெதுப்பாக இருந்தது, திருகைத் தொட முடியவில்லை. பிளாஸ்டிக்கில் செய்தால் சூட்டில் தளர்ந்து அளவு மாறிவிடுகிறது. கத்திரி வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்த சார்ஜரில் எவ்வளவு சூடு ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் பவரில் திருகி மாற்றும் காந்தப் பொருளே கிடையாதா என்றால், உண்டு. உங்கள் தெருவிலேயே இருக்கும். கிரில் பட்டறைகளில் இருக்கும் பழைய ஆர்க் வெல்டிங் செட்டைப் பாருங்கள். அதன் மேல் ஒரு கைப்பிடி இருக்கும். வெல்டர் அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஆம்பியரைக் கூட்டுகிறார், குறைக்கிறார். உள்ளே பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு கட்டை முன்னும் பின்னும் நகர்கிறது. கட்டை உள்ளே இருந்தால் பாய்வில் ஒரு பகுதி செகண்டரிக்குப் போகாமல் கட்டை வழியே திரும்பிவிடும். லீக்கேஜ் கூடும், மின்னோட்டம் குறையும். கட்டையை வெளியே இழுத்தால் மின்னோட்டம் கூடும். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வந்த பிறகும் அது இன்னும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம், அதில் கெட்டுப்போக எதுவுமே இல்லை. உறுமும், அதிரும், கனமாக இருக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸில் அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். அதே யோசனையை 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் கட்டையின் சூடே ஆளை விரட்டிவிடும்.

இன்னொன்று சர்வோ ஸ்டெபிலைசர். கிளினிக், லிஃப்ட், அச்சகம் என்று சென்னையில் அது இல்லாத இடம் குறைவு. உள்ளே வட்டமாகச் சுற்றிய ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர், அதன் மேல் ஒரு சின்ன மோட்டார் தள்ளிக்கொண்டு போகும் கார்பன் பிரஷ். இங்கே மாறுவது கேப் இல்லை, சுற்றுகளின் விகிதம். பிரஷ் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டை ஒரே நேரத்தில் தொடும், அவற்றை ஷார்ட் செய்யாமல் காப்பது கார்பனின் தடைதான். அதனால்தான் அங்கே செம்பு பிரஷ் போட முடியாது, அதனால்தான் பிரஷ் தேய்ந்து தேய்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கையால் திருகாமல் மின்னோட்டத்தால் திருகும் வழியும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோரின் ஒரு பகுதியை டி.சி. மின்னோட்டம் கொடுத்து சாச்சுரேஷனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தப் பகுதியின் ஊடுருவல் குறையும், மொத்த இண்டக்டன்ஸும் இறங்கும். சின்ன மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பெரிய இண்டக்டரை மாற்றலாம். இது புதுசு இல்லை. 1916-லேயே எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் ரேடியோ தொலைபேசிக்கான காந்தப் பெருக்கியைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் திறந்து பாருங்கள், பலவற்றில் 3.3 வோல்ட் பக்கத்தில் ஒரு சின்ன வளையக் கோர் தனியாக நிற்கும். 5 வோல்ட்டுக்கான அதே சுற்றில் இருந்து 3.3-ஐ எடுத்து நிலைநிறுத்துவது அதுதான். சாச்சுரேட் ஆகும் வரை அடைத்து நிற்கும், ஆனதும் வழி விடும், எப்போது வழி விட வேண்டும் என்பதை ஒரு சின்ன ரீசெட் மின்னோட்டம் முடிவு செய்யும்.

உங்களைப் போன்ற கன்வெர்ட்டருக்கு இதை இ கோரில் செய்வார்கள். முதன்மைச் சுற்று நடுக்காலில், கேப்பும் அங்கே மட்டும். இரண்டு வெளிக்கால்களிலும் கன்ட்ரோல் சுற்று. அந்த இரண்டையும் எதிரெதிராகத் தொடர் இணைப்பில் கோப்பார்கள். அப்போது டி.சி. பாய்வு வெளிவட்டத்தில் மட்டும் சுற்றும், நடுக்காலில் இருந்து வரும் ஏ.சி. வோல்டேஜ் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: கன்ட்ரோல் பக்கம் நூறு சுற்றுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு பாதியிலும் தனியாகப் பார்த்தால் பெரிய வோல்டேஜ் நிற்கும், ரத்தாவது கடைசியில்தான். இன்சுலேஷனில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். டி.சி. ஏறிய ஃபெரைட்டில் கோர் இழப்பும் கூடும், வெளிக்கால்கள்தான் முதலில் சுடும்.

சரி, உங்கள் சார்ஜருக்கு வருவோம். நான் முதலில் கேட்பது, உங்களுக்குத் திருகு உண்மையில் வேண்டுமா என்பதுதான். 115 மைக்ரோஹென்ரியும் 22 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ரெசனன்ஸ் 100 கிலோஹெர்ட்ஸ். இண்டக்டர் 10 சதவீதமும் கெப்பாசிட்டர் 5 சதவீதமும் ஒரே பக்கம் கூடினால் 93 ஆகும், ஒரே பக்கம் குறைந்தால் 108 ஆகும். எல்.எல்.சி. கன்ட்ரோலர் அதிர்வெண்ணை மாற்றித்தான் வெளியீட்டை நிலைநிறுத்துகிறது. ஆகவே 93-லும் 108-லும் அதுவே தன் இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மிகக் குறைந்த அதிர்வெண் வரம்பை அமைக்கும்போது இந்த விலகலையும் சேர்த்து அமைத்தால் போதும். உங்கள் சர்க்யூட்டில் திருகு ஏற்கெனவே இருக்கிறது, அதிர்வெண் என்ற பெயரில்.

அது முடியாத இடங்கள் உண்டு. இரண்டு மூன்று எல்.எல்.சி. பேஸ்களை (ஒரே மாதிரியான கன்வெர்ட்டர்களை) இணையாகப் போட்டு எல்லாவற்றையும் ஒரே அதிர்வெண்ணில் ஓட்டினால், டேங்கில் (ரெசனன்ஸ் இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஜோடியில்) இருக்கும் சின்ன வித்தியாசமே ஒரு பேஸை முழுச் சுமையையும் இழுக்க வைத்துவிடும். அங்கே டி.சி. கன்ட்ரோல் இண்டக்டர் தன் விலையை நியாயப்படுத்தும். அதிர்வெண்ணை மாற்றவே கூடாத வயர்லெஸ் சார்ஜிங்கிலும் அப்படித்தான். ஒற்றைப் பேஸ் சார்ஜருக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வருவது. 104-க்கும் 127-க்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேலே சொன்ன கோரையும் சுற்றையும் வைத்துக் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் முழுவதும் ஏறக்குறைய 0.2 மி.மீ. கேப். நீங்கள் தாள் வைத்து கேப் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தாள் எல்லாக் கால்களிலும் உட்காருவதால் பாய்வு அதை இரண்டு முறை கடக்கிறது, 0.1 மி.மீ. தாள் 0.2 மி.மீ. கேப் ஆகிறது. நாம் பிரிண்டரில் போடும் ஏ4 தாளின் கனம் அந்த 0.1 மி.மீ.தான். ஒரே ஒரு தாள்! எல்.சி.ஆர். மீட்டரில் (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) மாட்டிவிட்டுக் கோரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், எண் ஏறுவது கண்ணுக்கே தெரியும். காகிதமும் மாஸ்கிங் டேப்பும் அமுங்கும், ஈரம் குடிக்கும், சென்னைக் காற்றில் இரண்டும் நிச்சயம்.

அதனால் பாலியஸ்டர் தகடோ கிளாஸ் எபாக்சித் தகடோ வெட்டி வையுங்கள். அதைவிட நல்லது நடுக்காலை மட்டும் தேய்த்து கேப் செய்த கோர். சுற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், 28-ஐ 29 ஆக்கினால் 116 ஒரேயடியாக 124 ஆகிவிடும். நுணுக்கமான திருகு கேப்தான், ஆனால் அதை ஒருமுறை மட்டும், ஒட்டுவதற்கு முன்னால் திருக வேண்டும். எங்கள் மேசையில் செய்வது இப்படி: இண்டக்டன்ஸ் கூடுதலாக இருந்தால் வைர அரத்தால் நடுக்காலை இரண்டு இழுப்பு. குறைவாக இருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் ஈரமான 1000 நம்பர் வாட்டர் பேப்பரைப் போட்டு, கோரின் பாதியைக் குப்புற வைத்து எட்டு வடிவில் மெதுவாகத் தேய்ப்போம். நடுக்கால் ஏற்கெனவே குட்டை என்பதால் வெளிக்கால்கள் மட்டுமே தேயும், கேப் சுருங்கும். தேய்த்த பொடியைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். ஒரு துகள் மாட்டிக்கொண்டாலும் அளவு பொய் சொல்லும்.

ஒட்டுவது எப்போது என்பதிலும் ஒரு பாடம் கற்றேன். சில வருஷம் முன்பு எல்.இ.டி. டிரைவர் ஒன்றுக்கு ஃபிளைபேக் ட்ரான்ஸ்ஃபார்மர் (இதுவும் கேப்பில் ஆற்றலைச் சேர்த்துவைத்துக் கொடுப்பதுதான்) சுற்றிக் கொடுத்தோம். எங்கள் மேசையில் எல்லாம் 600 மைக்ரோஹென்ரி, சரியாக இருந்தது. வார்னிஷில் முக்கி, காயவைத்து, அனுப்பிவிட்டோம். ஒரு வாரத்தில் வாடிக்கையாளரிடம் இருந்து அழைப்பு: முழுச் சுமையில் வெளிச்சம் குறைகிறது. திரும்ப வாங்கி அளந்தால் 520. கோரை டேப் மட்டும் சுற்றிக் கட்டியிருந்தோம், ஒட்டவில்லை. வார்னிஷ் வெளிக்கால்களின் முகத்துக்கு நடுவே கசிந்து மெல்லிய படலமாக உறைந்துவிட்டது. கேப் 0.2 மி.மீ.தான், 20 மைக்ரான் படலம் இரண்டு முறை எண்ணப்பட்டு 0.04 கூடியிருக்கிறது. அந்த டிரைவரில் உச்ச மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்திருந்தார்கள், ஆகவே இண்டக்டன்ஸ் 13 சதவீதம் குறைந்ததும் அது கொடுக்கக்கூடிய பவரும் அதே அளவு குறைந்துவிட்டது. மொத்த பேட்சையும் திரும்ப எடுத்தோம். அன்றில் இருந்து சுற்றிய பாபினை (கம்பி சுற்றும் பிளாஸ்டிக் கூட்டை) மட்டும் முதலில் வார்னிஷ் செய்து காயவைத்துவிட்டு, அப்புறம்தான் கோரைப் பூட்டி, அளந்து, வெளிப்புறம் எபாக்சி வைத்து ஒட்டுகிறோம்.

பின்னால் ட்ரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜையே ரெசனன்ஸ் இண்டக்டராகப் பயன்படுத்தும் யோசனை வரும், எல்லோருக்கும் வரும். அதைச் செய்யும்போது கேப்பைத் தேய்த்து லீக்கேஜைச் சரிசெய்ய முயலாதீர்கள். கேப்பை மாற்றினால் மேக்னடைசிங் இண்டக்டன்ஸ்தான் (கோரைக் காந்தமாக்கும் பிரைமரியின் இண்டக்டன்ஸ்) மாறும், லீக்கேஜ் பெரிதாக அசையாது. லீக்கேஜுக்கான திருகு பாபினில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே விடும் இடைவெளி.

ரெசனன்ஸ் இண்டக்டரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான் கணக்குக்கு 0.3 டெஸ்லா எடுத்தேன். உங்கள் இண்டக்டரில் ஓடுவது முழுக்க ஏ.சி. என்பதால் 100 கிலோஹெர்ட்ஸில் அந்த அளவுக்குப் போக முடியாது, சாச்சுரேஷன் வருவதற்கு வெகு முன்பே கோர் சுட்டுவிடும். அதில் பாதிக்கும் கீழே இருங்கள்.

கடைசியாக, எல்.சி.ஆர். மீட்டர் காட்டும் எண்ணோடு நிறுத்தாமல் ஒரு சோதனை செய்யுங்கள். 48 வோல்ட்டில் சார்ஜ் செய்த பெரிய கெப்பாசிட்டர், ஒரு மாஸ்ஃபெட், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, மின்னோட்டம் பார்க்க ஒரு சின்ன ஷன்ட். 5 மைக்ரோ செகண்ட் ஒற்றைப் பல்ஸில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். ஸ்கோப்பில் நேர்க்கோடாக, மைக்ரோ செகண்டுக்கு 0.41 ஆம்பியர் வீதம் ஏறும். எங்கே கோடு மேல்நோக்கி வளைகிறதோ அங்கே சாச்சுரேஷன். என்87 ஃபெரைட் என்றால் இந்தக் கோரில் ஏறக்குறைய 35 மைக்ரோ செகண்டில் வளையும். இப்போது கேப்பைப் பாதியாக்கித் திரும்பச் செய்யுங்கள். கோட்டின் சாய்வு மாறியிருக்கும், வளைவு வரும் ஆம்பியர் மாறியிருக்கும், ஆனால் வளைவு அதே 35-க்குப் பக்கத்தில்தான் வரும். முதலில் இதைப் பார்த்தபோது ஸ்கோப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். வோல்ட்டும் நேரமும் சேர்ந்த பெருக்கலும் சுற்று, பரப்பு, பாய்வு அடர்த்தியின் பெருக்கலே, கேப்புக்கு அதில் இடமில்லை. அப்புறம் அதே கோரை அடுப்பில் வைத்து 100 டிகிரிக்குச் சூடாக்கி இன்னொரு முறை செய்யுங்கள். அறை வெப்பத்தில் 0.49 டெஸ்லா தாங்கும் ஃபெரைட் அந்தச் சூட்டில் 0.39 தான் தாங்கும். வளைவு முன்னால் நகர்ந்து 28 மைக்ரோ செகண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் சார்ஜருக்குச் சாச்சுரேஷன் எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டிய எண் அந்த 28 தான்.